எங்கடா பூனை?



சென்ற இதழில் இதே சுவரில் மாமல்லபுரம் சுற்றுலாப் படங்களை ஒட்டியிருந்தோமே, ஞாபகம் இருக்கா? மொத்தம் 24 படங்கள். அவரவர் வீட்டு செல்போனில் எடுத்து, ஸ்டூடியோவில் கொடுத்து மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டவை. அதில் ஒரு படம் மறுநாளே காணாமல் போனது. யாரோ கிழிச்சுட்டாங்கன்னு பேசிக்கிட்டீங்க. உண்மை அதுவல்ல. எடுத்தவனே வந்து கழற்றிக்கொண்டு போய்விட்டான். அதற்குக் காரணம் நான்தான்.

அவன் என் பெஞ்ச் நண்பன். (பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் இதை எழுத அனுமதி கொடுத்திருக்கிறான்.) அர்ச்சுனன் தபசுப் பாறையில் தவம் செய்கிற பூனை ஒன்று இருக்கிறது. பெரிய யானைக்குப் பக்கத்தில், ஒற்றைக் காலில் நிற்கும் முனிவரைப் போலவே கையை மேலே தூக்கி நிற்கும். காலடியில் எலிகள். நாங்க எல்லாரும் யானையைப் பார்த்துட்டு ஐஸ் வாங்க ஓடிட்டோம். அவன் மட்டும் பூனையைக் கண்டுபிடிச்சு எடுத்தான். அந்தப் படத்துக்குக் கீழே பென்சிலால் நான் எழுதியது நான்கே வார்த்தை: "எங்கடா பூனை? செம மொக்கை!"

எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவன் ஒரு படம்கூட எடுக்கவில்லை. விளையாட்டு விழாவில் அண்ணன்கள் "நீ எடுடா" என்று போனை நீட்டியபோதுகூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அப்பதான் எனக்கு உறைச்சது.

என் படம் என்ன ஆச்சுன்னு கேட்கறீங்களா? வெண்ணெய் உருண்டைப் பாறையை நான் ஒரு கையால் தள்ளுகிற மாதிரி போஸ். அதற்குக் கீழே பதினோரு பேர் "சூப்பர்" என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராயிங் சார் வந்து இரண்டு படத்தையும் (அவன் படத்தை நான் கெஞ்சி வாங்கி வந்திருந்தேன்) மேஜை மேல் வைத்தார். "சூப்பர்னு எழுதினவங்க வாங்க. எது சூப்பர்?" என்றார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. "சரி, மொக்கைன்னு எழுதினவன் சொல்லு. எது மொக்கை?" நானும் திறக்கவில்லை.

அதன் பிறகு அவர் செய்ததைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன்.

பழைய கேலண்டர் அட்டையில் 'ட' எழுத்து மாதிரி இரண்டு துண்டு வெட்டினார். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்றின் மேல் வைத்தால் நடுவில் ஒரு ஜன்னல் கிடைக்கும். நகர்த்தினால் ஜன்னல் பெருசாகும், சிறுசாகும். அதை நண்பனின் படத்தின் மேல் வைத்து மெதுவாக நகர்த்தினார். முதலில் வலது ஓரத்தில் இருந்த சிவப்பு வாட்டர் பாட்டில் மறைந்தது. அப்புறம் கீழே இருந்த வேலிக் கம்பி. அப்புறம் எங்க வகுப்புப் பையன் ஒருத்தனின் பாதித் தலை. கடைசியில் ஜன்னலுக்குள் யானையின் கால், அதை ஒட்டிப் பூனை, எலிகள். அவ்வளவுதான். பூனை திடீர்னு வெளியே வந்து நின்ன மாதிரி இருந்துச்சு!

"பூனை இருந்துச்சு. அதைச் சுத்தி மத்ததும் இருந்துச்சு" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்து, "உன் கேள்வி சரிதான்டா. எங்கடா பூனைன்னு கேட்டே. பதிலையும் தேடியிருந்தா அவனுக்கு உபயோகமா இருந்திருக்கும்" என்றார். நண்பன் தலையைத் தூக்காமல் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நாம் நேரில் பார்க்கும்போது மனசு வேண்டாததைத் தானே தள்ளிவிடுகிறது. பூனையைப் பார்க்கிறவனுக்குப் பாட்டில் தெரியாது. கேமராவுக்கு அந்தத் தயவு கிடையாது. சிவப்பும் பூனையும் அதற்கு ஒன்றுதான். அதிலும் சாம்பல் நிறப் பாறையில் ஒரு சொட்டுச் சிவப்பு இருந்தால் பார்க்கிறவர் கண் அங்கேதான் ஓடும். அதனால் பட்டனை அமுக்குவதற்கு முன்னால் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்க்க வேண்டும். இரண்டு நொடி போதும். பெரும்பாலான கோளாறு ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இல்லையென்றால் தலைக்குப் பின்னால். என் 'சூப்பர்' படத்தில் என் உச்சந்தலையிலிருந்து ஒரு மரம் முளைத்திருந்தது! பதினோரு பேரில் ஒருத்தர்கூட சொல்லலை. ஓரடி இடப்பக்கம் நகர்ந்து எடுத்திருந்தால் மரம் ஒதுங்கியிருக்கும்.

அடுத்தது கிட்டப் போவது. விரலால் திரையை இழுத்து ஜூம் செய்தால், சாதாரண போனில் நடப்பது கிட்டத்தட்ட வெட்டிப் பெரிதாக்குவதுதான். படம் புள்ளி புள்ளியாகப் போகும். வேலிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு காலால் போய்விட்டு, அதற்கு மேல் வேண்டுமானால் ஜூம்.

இதற்கு சார் ஒரு பெரிய உதாரணம் காட்டினார். 1936-ல் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார வீழ்ச்சிக் காலம். டாரதியா லாங்கே என்ற பெண் புகைப்படக் கலைஞர் கலிபோர்னியாவில் நிப்போமோ என்ற ஊரில், பட்டாணி பறிக்க வந்து வேலை இல்லாமல் தவித்த கூலித் தொழிலாளர் முகாமுக்குப் போனார். அங்கே கூடாரத்தில் ஒரு தாயைக் குழந்தைகளோடு படம் எடுத்தார். ஒன்றல்ல, பல படங்கள். ஒன்றில் கூடாரம், பெட்டி, நாற்காலியில் உட்கார்ந்த மூத்த பெண் என்று எல்லாம் இருக்கிறது. உலகம் முழுக்கத் தெரிந்த படத்தில் அதெல்லாம் இல்லை. தாயின் முகம், கன்னத்தருகே கை, மடியில் கைக்குழந்தை, இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோளில் சாய்ந்த இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளின் முகம் தெரியாததால்தான் நம் கண் தாயை விட்டு நகர மாட்டேங்குது. 'புலம்பெயர்ந்த தாய்' என்று அதைச் சொல்வார்கள்.

அதிலும் ஒரு வேடிக்கை. படத்தின் வலது கீழ் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் நீட்டிக்கொண்டிருந்தது. (அங்கேயும் ஓரம்தான் பாருங்க!) 1939-ல் லாங்கே அதை நெகட்டிவிலேயே மங்க வைத்துவிட்டார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. எடுத்தது எடுத்தபடியே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. விரல் இருக்கலாமா கூடாதா என்று எங்கள் வகுப்பில் சண்டையே நடந்தது. நான் ஸ்ட்ரைக்கர் கட்சி. நண்பன் லாங்கே கட்சி. இரண்டு மாதம் கழித்து அவன் ஒரு படத்தைப் பற்றி வாய் திறந்தது அன்றைக்குத்தான்.

சரி, எதை எங்கே வைப்பது? போன் கேமராவின் செட்டிங்ஸில் 'கிரிட்' என்று இருக்கும். அதைத் தட்டினால் திரையில் நவக்கிரக மேடை மாதிரி ஒன்பது கட்டம் வரும். முக்கியமானதை நட்டநடுக் கட்டத்தில் வைக்காமல், கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு இடங்களில் ஒன்றின் பக்கம் வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். இதற்கு 'மூன்றில் ஒரு பங்கு விதி' என்று பெயர். இது கேமராக்காரர்கள் கண்டுபிடித்ததுகூட இல்லை. இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பற்றி எழுதும்போது 1797-லேயே ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் இந்தப் பெயரை வைத்துவிட்டார். அப்போது கேமராவில் எடுத்த ஒரு புகைப்படம்கூட உலகத்தில் இல்லை. ஆனால் இதை வாய்ப்பாடு மாதிரி எல்லாத்துக்கும் போடக் கூடாது. புள்ளிக் கோலத்தையும், நேரே நின்று எடுக்கிற கோபுரத்தையும் ஓரத்தில் வைத்தால் நல்லாவா இருக்கும்? அதுக்கு நடுதான் அழகு.

இன்னொன்றை அந்தப் பாறையே சொல்லித் தருகிறது. ஏறக்குறைய 90 அடி நீளப் பாறையில் தேவர்கள், முனிவர்கள், விலங்குகள் என்று நூற்றுக்கு மேற்பட்ட உருவங்கள் இருந்தும் குழப்பமே இல்லை. ஏன்? நடுவில் ஒரு பிளவு இருக்கிறது. அதில் நாகர்கள். இரண்டு பக்கத்திலும் பெரும்பாலான உருவங்கள் அந்தப் பிளவை நோக்கித்தான் வருகின்றன, பறக்கின்றன, கும்பிடுகின்றன. நம் கண்ணும் அவர்கள் பின்னாலேயே போய்விடுகிறது. ஒருவர் பார்க்கிற பக்கம் நாமும் பார்ப்போம், இல்லையா? அதனால் படத்தில் ஒருவர் வலப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். இல்லையென்றால் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்குத் தெரிஞ்சது நமக்குத் தெரியாம போச்சே!

வெளிச்சத்தைப் பற்றி ஒரே வார்த்தை. நாங்கள் போனது பிற்பகல் மூன்று மணிக்கு. அந்தப் பாறை கிழக்கு பார்த்தது. மூன்று மணிக்கு வெயில் அதன் முதுகுப் பக்கம் போய்விடும். செதுக்கலின் மேடு பள்ளம் தெரிய வேண்டுமானால் நிழல் விழ வேண்டும், நிழல் விழ வெயில் வேண்டும். நண்பனின் பூனை மங்கலாக இருந்ததற்கு அதுவும் காரணம். அது அவன் தப்பில்லை, பஸ் டைமிங்கின் தப்பு.

இனி விமர்சனம். இதுதான் எனக்கு முக்கியம். இப்போது எங்கள் வகுப்பில் படம் பார்க்கும் முறை இது. படத்தை வைத்ததும் மனசுக்குள் பத்து எண்ணும் வரை யாரும் பேசக் கூடாது. பிறகு "என் கண் முதல்ல இங்க போச்சு, அப்புறம் இங்க போச்சு" என்று மட்டும் சொல்ல வேண்டும். நல்லது, கெட்டது சொல்லவே கூடாது. கண் போன வழியைச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது, ஏனென்றால் அது என் கண், உன் படம் அல்ல. அதற்குப் பிறகு எடுத்தவரிடம், "நீ எதைக் காட்ட நினைச்சே?" என்று கேட்போம். அவர் நினைத்ததும் நம் கண் போனதும் ஒன்றென்றால் படம் ஜெயித்தது. வேறென்றால், மாற்றக்கூடிய ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதுவும் அவரால் முடிகிற விஷயமாக இருக்க வேண்டும். "குந்தி உட்கார்ந்து எடு" என்பது விமர்சனம். "நல்ல போன் வாங்கு" என்பது வயிற்றெரிச்சல்.

எடுத்தவருக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மற்றவர்கள் கண் போன வழியைச் சொல்லி முடிக்கிற வரை விளக்கம் சொல்லக் கூடாது. "பின்னாடி தள்ளினாங்க சார்", "பஸ் ஹாரன் அடிச்சுட்டாங்க சார்" எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனா படத்தோட கூடவே போய் ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைச் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா? இது ரொம்பக் கஷ்டம். என் மரத்தைப் பற்றிப் பேசியபோது நான் மூன்று தடவை குறுக்கே பேசி வெளியே அனுப்பப்பட்டேன்.

நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லடா" என்றான். அது பரவாயில்லை என்கிற குரல் இல்லை. அதற்கு அடுத்த வாரம், அவன் மாமாவின் பஞ்சர் கடையில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டு வந்தான். மாமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தானாம். தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிப் பிடித்த இரண்டு கை, காற்றுக் குமிழி, வேறு எதுவும் இல்லை. மாமாவின் முகம்கூட இல்லை.

அந்தப் படம்தான் இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் வெள்ளைத் தாள், நூலில் கட்டிய பென்சில். 'சூப்பர்', 'மொக்கை' இரண்டும் எழுதக் கூடாது. பத்து எண்ணிவிட்டு, கண் முதலில் எங்கே போச்சு என்று எழுதுங்கள். முதல் வரி என்னுடையது.

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்