கல் பெஞ்சுக்கு அளவு கொடுப்பது எப்படி?



எங்க தெரு முனையில, வேப்பமரத்தடியில, தெருக்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு கல் பெஞ்ச் போட்டாங்க. ஆசையாகப் போய் உட்கார்ந்த என் பாட்டியால் எழுந்திருக்கவே முடியவில்லை. நானும் தம்பியும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினோம். "இது பெஞ்சா, மணைப்பலகையாடா?" என்றார் பாட்டி. அதன்பின் அந்தப் பக்கமே வரவில்லை.

டேப் எடுத்துப் போய் அளந்தேன். உயரம் 25 செ.மீ.தான்! எங்க வீட்டு நாற்காலி 45 செ.மீ. மீதி 20 செ.மீ. எங்கே போச்சு? மேஸ்திரியிடம் கேட்டேன். "மண்ணுக்குள்ள புதைக்கிறத கணக்குல சேர்க்க மறந்துட்டேன்பா" என்றார்.

துணியைப் பிரித்துத் தைக்கலாம். வெட்டின கல்லை நீட்ட முடியுமா? அதனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே கணக்குப் போட வேண்டும்.

1. உயரம்: உட்காரும் உயரம் 45 செ.மீ. பலகைக்கல் கனம் 6 செ.மீ. மீதி 39. மண்ணுக்குள் 20. ஆகவே, கால்கல் 39 + 20 = 59 செ.மீ. (இங்கே 39 என்றே வெட்டிவிட்டார்கள்!)

2. நீளம்: ஒருவருக்கு 50 செ.மீ. என்று வைத்தால், மூன்று பேருக்கு 150 செ.மீ.

3. அகலம்: 45 செ.மீ. போதும்.

4. எடை: 150 × 45 × 6 = 40,500 கன செ.மீ. இந்தக் கல் ஒரு கன செ.மீ. சுமார் 2.7 கிராம். அப்படியென்றால் பலகைக்கல் மட்டும் சுமார் 109 கிலோ! தூக்க ஆள், வண்டி எல்லாம் முன்பே சொல்லி வைக்கணும்.

5. மறக்கக் கூடாதவை: விளிம்பை உருட்டித் தேய்க்கச் சொல்லுங்கள். மழைத் தண்ணீர் வழிய லேசான சரிவு வேண்டும். சித்திரை வெயிலில் கல் சுடும். நிழல் பார்த்துப் போடுங்கள். பக்கத்தில் சக்கர நாற்காலி நிற்க 90 செ.மீ. இடம் விடுங்கள்.

உங்களுக்குத் தெரியுமா?
நம்ம பல்லாவரம் மலைக்கல்லின் பெயர் சார்னோகைட். 1693-ல் இறந்த ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதிலுள்ள கல்லும் இதே வகைதான். அதனால் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் 1893-ல் அவர் பெயரையே இந்தக் கல்லுக்கு வைத்தார்.

எங்க பெஞ்சுக்கும் வழி பிறந்துவிட்டது. 20 செ.மீ. கான்கிரீட் திண்டு கட்டி, கால்களை அதன்மேல் நிறுத்தப் போகிறார்கள். "அப்போ வர்றேன்" என்று பாட்டி சொல்லியிருக்கிறார்.

செய்து பாருங்கள்: நான்கு பேர் உட்காரும் பலகைக்கல்லின் எடை எவ்வளவு?
(விடை: சுமார் 146 கிலோ)