திங்கள்கிழமைக்குப் பத்துக் கேள்வி

பிளஸ் டூ வணிகவியல் வகுப்பிலும் பி.காம். முதலாண்டிலும் 'நடப்புச் செய்தி' என்று வைக்கிற தேர்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். ரிசர்வ் வங்கி ஆளுநர் யார், ஜிஎஸ்டி எந்த ஆண்டு வந்தது, சென்செக்ஸில் எத்தனை நிறுவனங்கள்? பிள்ளைகள் கடகடவென்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களிடமே, "வட்டி குறைந்தால் உங்கள் வீட்டில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு கப்சிப். மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வாங்கிய சித்தப்பாவுக்கு லாபம். ஓய்வூதியப் பணத்தை எஃப்டி போட்டு அதன் வட்டியில் குடும்பம் நடத்தும் தாத்தாவுக்கு நஷ்டம். செய்தி தெரிந்தவன் யார், புரிந்தவன் யார் என்று பிரித்துக் காட்டத் தெரியாத தேர்வை நடத்துவதும் ஒன்று, நடத்தாமல் விடுவதும் ஒன்று.

வாரம் ஒருமுறை, பத்துக் கேள்வி, இருபது நிமிடம். இந்த அளவில் ஒரு தேர்வை எப்படித் தயாரிப்பது என்று பார்ப்போம்.

முதல் வேலை, படிக்க வேண்டிய எல்லையைக் கட்டுவது. "பேப்பர் படிச்சிட்டு வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் படிக்கமாட்டார்கள். முந்தைய வெள்ளி முதல் இந்த வியாழன் வரை, ஏதாவது ஒரு தமிழ் நாளிதழின் வணிகப் பக்கம், அவ்வளவுதான் என்று சொல்லிவிடுங்கள். பேப்பர் வாங்காத வீடுகள் வகுப்பில் பாதிக்கு மேல் இருக்கும். ஆகவே அந்தப் பக்கத்தைத் தினமும் வகுப்பறைப் பலகையில் ஒட்டுகிற பொறுப்பை இரண்டு மாணவர்களிடம் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் கணக்கில் சேராது என்பதையும் முதல் நாளே அறிவித்துவிடுங்கள். நீங்களும் எண்களை நாளிதழோடு விட்டுவிடாமல் மூல அறிவிப்பில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழிலும் செய்திக்குறிப்பு வெளியிடுகிறது. ரிசர்வ் வங்கியின் அறிவிப்புகள் அதன் இணையதளத்திலேயே கிடைக்கும்.

அடுத்து ஒரு நாட்காட்டி. பொருளாதாரச் செய்திகளில் பாதி, தேதி சொல்லிவிட்டு வருபவை. மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1. சில்லறைப் பணவீக்கம் பெரும்பாலும் மாதம் 12-ஆம் தேதியை ஒட்டி. ரெப்போ வட்டி பற்றிய முடிவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு கூடி எடுப்பது. காலாண்டு ஜிடிபி பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதக் கடைசிகளில். இவற்றை ஆசிரியர் அறையில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், 'இந்த வாரம் எதைக் கேட்பது' என்று ஞாயிறு இரவு தலையைச் சொறிய வேண்டியதில்லை.

இனி கேள்வி எழுதுவது. உழைப்பு முழுவதும் இங்கேதான். நான் சொல்லும் விதி ஒன்றே: செய்தியில் வந்த எண்ணை விடையில் வைக்காதீர்கள், கேள்வியில் வையுங்கள். எண்ணை நீங்களே கொடுத்துவிட்டால் மனப்பாடத்துக்கு வேலை இல்லை. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் மிச்சம்.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் அது 6.21 சதவீதமாக இருந்தது. 'அக்டோபர் மாதப் பணவீக்கம் எவ்வளவு?' என்று கேட்டால் மதிப்பெண் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது. அதையே இப்படிக் கேளுங்கள்:

"2023 அக்டோபரில் 1,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மாதச் சாமான்கள், 2024 அக்டோபரில் 6.21 சதவீதம் விலை கூடின. 2025 அக்டோபரில், முந்தைய ஆண்டைவிட 0.25 சதவீதம் கூடின. இப்போது அதே சாமான்களுக்கு ஏறக்குறைய எவ்வளவு ஆகும்? அ) 940 ஆ) 1,002 இ) 1,062 ஈ) 1,065."

விடை 1,065. முதல் ஆண்டில் 1,062, அதன் மேல் ஏறக்குறைய இரண்டே முக்கால் ரூபாய். 940 என்று எழுதுகிறவர், 'பணவீக்கம் 6.21-லிருந்து 0.25-க்கு இறங்கிவிட்டது, ஆகவே விலை இறங்கிவிட்டது' என்று நினைக்கிறார். இந்தக் குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உள்ளதல்ல. தொலைக்காட்சி விவாதங்களில் பெரியவர்களும் இதையே பேசுகிறார்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் பொருள். ஏறிய விலை ஏறிய இடத்திலேயே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் உள்ளே போக விரும்பினால், அந்த மாதம் உணவுப் பொருள் விலை முந்தைய ஆண்டைவிட 5 சதவீதம் குறைந்திருந்தது என்ற விவரத்தையும் கொடுத்து, "அப்படியானால் மொத்தப் பணவீக்கம் ஏன் பூஜ்யத்துக்குக் கீழே போகவில்லை?" என்று ஒரு வரியில் எழுதச் சொல்லலாம். மற்ற செலவுகளின் விலை ஏறியிருக்கிறது என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண்.

தவறான விடைகளை எப்படி அமைப்பது என்பதையும் இந்தக் கேள்வியிலேயே பார்க்கலாம். ஈ தவிர மற்ற மூன்றும் வாய்க்கு வந்த எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தின் விளைவு. 1,002 என்று போட்டவர் முதல் ஆண்டு ஏற்றத்தையே மறந்தவர். 1,062 போட்டவர் இரண்டாம் ஆண்டை விட்டவர். எத்தனை பேர் எந்தத் தப்பைச் செய்தார்கள் என்று எண்ணிப் பார்த்தால், அடுத்த வகுப்பில் எதை நடத்துவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

நம் ஊர்ச் செய்தி இன்னும் கூர்மையான கேள்வி தரும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, திருப்பூர் தினமும் செய்தியில் இருந்தது. அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி: "அந்த வரியைக் கட்டுவது யார், யாரிடம்?" திருப்பூர் ஏற்றுமதியாளர், இந்திய அரசிடம் என்று எழுதுகிற கைகள் நிறைய இருக்கும். கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர், அமெரிக்கச் சுங்கத்துறையிடம். உடனே அடுத்த கேள்வி வரவேண்டும்: "பிறகு திருப்பூர் ஏன் கவலைப்பட்டது?" வாங்குகிறவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் அப்போது 20 சதவீத வரியில் இருந்த வங்கதேசத்துக்கோ வியட்நாமுக்கோ ஆர்டரை மாற்றிவிடுவார். இந்த இரண்டு கேள்விக்கும் விடை எழுதிய மாணவனுக்குப் பன்னாட்டு வணிகப் பாடத்தில் ஒரு அத்தியாயம் நடத்தி முடித்த மாதிரி.

பத்துமே இந்தக் கனத்தில் இருந்தால் பின்வரிசை பயந்துவிடும். முதல் நான்கு கேள்விகளை இலேசாக வையுங்கள். ஆபரணத் தங்கம் சவரனுக்கு 400 ரூபாய் ஏறினால் கிராமுக்கு எவ்வளவு? (50 ரூபாய். சவரன் என்பது எட்டு கிராம் என்று தெரியாத பிள்ளைகளும் இருக்கிறார்கள்.) நாமக்கல் முட்டைக் கொள்முதல் விலை இந்த வாரம் ஏறியதா, இறங்கியதா? இப்படி நான்கு எளியவை, நான்கு நடுத்தரம், இரண்டு ஒருவரிக் காரணம் எழுதுபவை என்றால் கணக்கு சரியாக இருக்கும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது வேண்டாம். இந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அகமதிப்பீட்டிலும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அடுத்த வாரமே காப்பி அடிக்கத் தொடங்குவார்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் தேதி போடுங்கள். 2025 ஒரே ஆண்டில் ரெப்போ வட்டி நான்கு முறை குறைந்தது: பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25. அந்த ஆண்டு ஜனவரியில் அச்சான கைடு 6.50 என்றுதான் சொல்லும். கைடைப் பார்த்துப் படித்தவனும் பேப்பரைப் பார்த்துப் படித்தவனும் வேறு வேறு விடை எழுதிவிட்டு, இருவரும் உங்களிடம் வந்து நிற்பார்கள். 'டிசம்பர் 5, 2025 அறிவிப்பின்படி' என்று கேள்வியிலேயே இருந்தால் வழக்கு இல்லை. போன வருடக் கேள்வித்தாளை எடுத்து மறுபடி கொடுக்கிற வழக்கத்தையும் இந்தத் தேர்வில் விட்டுவிடத்தான் வேண்டும்.

திருத்துவதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிக் கொடுத்து அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். அதிகம் பேர் தவறவிட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் ஐந்து நிமிடம் பேசுங்கள். எல்லாக் கேள்வியையும் விளக்க ஆரம்பித்தால் மணி அடித்துவிடும். அந்தக் கேள்வியைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்து எண்ணை மட்டும் மாற்றித் திரும்பக் கேளுங்கள்.

இரண்டு மாதம் ஓடிய பிறகு, பத்தில் மூன்று கேள்விகளை மாணவர்களே எழுதட்டும். நிபந்தனை: செய்தியை வெட்டி ஒட்ட வேண்டும், ஒவ்வொரு தவறான விடைக்கும் 'இதை ஒருவர் ஏன் தேர்ந்தெடுப்பார்' என்று ஒரு வரி எழுத வேண்டும். முதலில் வருபவை மோசமாக இருக்கும். திருத்திக் கொடுத்தால் தேறிவிடுவார்கள்.

தொடங்குவதற்கு பட்ஜெட் வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த பணவீக்க அறிவிப்பு வந்ததும் அந்த ஒரு எண்ணை வைத்து மூன்று கேள்வி எழுதி, வருகிற திங்கள்கிழமை முதல் பாடவேளையில் கேட்டுப் பாருங்கள்.