ஏழை இளைஞரும் நிதித்துறைப் பணியும்: அல்சூரை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூர்த் தண்டுப் பகுதி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானபோது, வணிகத்தையும் கூலி வேலையையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அல்சூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறின. ஏழ்மையில் பிறந்து பெருஞ்செல்வரான ஆற்காடு நாராயணசாமி முதலியார் அத்தண்டுப் பகுதியைச் சேர்ந்தவரே. பின்னர் உயர்நீதிமன்றமான அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் அவர். 1873இல் இலவசப் பள்ளி ஒன்றை அவர் நிறுவினார். அவர் பெயரில் அமைந்த கல்வி நிலையங்களை அல்சூர் ஏரிக்கு அண்மையில் இன்றும் காணலாம்.

பள்ளிக் கட்டணம் நீங்கினால் தடை முழுவதும் நீங்கிவிடுமா? நீங்குவதில்லை. பதினாறு வயது மகன் கடையில் ஈட்டக்கூடிய கூலியைக் குடும்பம் எத்தனை ஆண்டுகள் இழக்க இயலும் என்பதே உண்மையான வினா. வறுமை மன உறுதியைத் தரும் என்று மேடைகளில் கூறுவதுண்டு. பெரும்பாலும் அது கற்பதற்குரிய காலத்தையே பறித்துக்கொள்கிறது. ஆகவே, ஊதியம் பெற்றுக்கொண்டே கற்பதற்கு இடந்தரும் பணிகள் எவை என்று ஆராய்வது பொருத்தமாகும்.

வங்கி எழுத்தர் பணி அத்தகையது. 1969 ஜூலை 19ஆம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையாக்கப்பட்டன. பெங்களூரில் தலைமையகம் கொண்ட கனரா வங்கி அவற்றுள் ஒன்று. தொடர்ந்து கிளைகள் விரிவடைய, வங்கித்துறையில் முன் தொடர்பில்லாத குடும்பங்களின் பிள்ளைகளும் போட்டித் தேர்வு வழியாக உள்ளே நுழைந்தனர். பணியில் சேர்ந்தவர் 1928இல் தோன்றிய வங்கியாளர் கழகத்தின் ஜே.ஏ.ஐ.ஐ.பி., சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வுகளில் தேறினால் ஊதிய உயர்வு பெறுகிறார். அதிகாரிப் பதவிக்கும் உயரலாம். இவ்வேணியின் நீளத்தை மும்பையின் பிரதீக்ஷா தோண்ட்வால்கர் வாழ்க்கை காட்டுகிறது. பத்தாம் வகுப்பை முடிக்குமுன் மணமாகி, இருபது வயதில் கணவரை இழந்த அவர், பாரத ஸ்டேட் வங்கியில் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். இரவுக் கல்லூரியில் பயின்று எழுத்தரானார். 2022இல் உதவிப் பொது மேலாளரானார். இதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின என்பதையும் மறைத்தல் ஆகாது.

பட்டயக் கணக்காளர் படிப்பு வேறு வகையானது. பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை உண்டு. 2023இல் வந்த புதிய திட்டம் அக்காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைத்தது. எனினும், தேர்வில் தவறியோர் மீண்டும் மீண்டும் எழுதும் காலத்திற்கு வருவாய் ஏது? இடைநிலைத் தேர்விலேயே ஆண்டுகளைக் கழித்து விலகுவோர் பலர். குடும்பத்தில் வேறொருவர் வருவாய் ஈட்டினாலன்றி இவ்வழியை முதலில் தெரிவு செய்தல் உகந்ததன்று என்பதே எமது கருத்து. வணிகவியல் பட்டம், எழுத்தர் பணி, அதன் பின் உயர்தேர்வுகள் என்ற வரிசை மெதுவானதெனினும் இடையில் பசி இராது. கணினியின் வரவுக்குப் பின் எழுத்தர் இடங்கள் முன்போல் பெருகவில்லை என்பதும் உண்மையே. எனவே முயற்சியை முன்கூட்டியே தொடங்குதல் வேண்டும்; பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 28 ஆகும்.

அல்சூர்த் தமிழ் மாணவர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. எழுத்தர் தேர்வைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்த 2021இல் மத்திய நிதியமைச்சகம் பரிந்துரைத்தது. ஆனால் கருநாடகத்தில் உள்ள இடங்களுக்கு விண்ணப்பிப்பவர் கன்னடத்தில் எழுதவும் படிக்கவும் பேசவும் வல்லவராக இருத்தல் வேண்டும். எழுத்துத் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றவரும் இம்மொழித் தகுதி இன்றேல் பணியை இழப்பார். கடைத்தெருவில் பழகிய பேச்சுக் கன்னடம் இதற்குப் போதாது. பாரத ஸ்டேட் வங்கியில், பத்தாம் அல்லது பன்னிரண்டாம் வகுப்பில் அம்மொழியைப் பயின்றதற்குச் சான்று காட்டுவோருக்குத் தனி மொழித் தேர்வு இல்லை. இல்லத்தில் தமிழ் பேசும் பெற்றோர், பிள்ளைக்கு மொழிப்பாடம் தெரிவு செய்யும் நாளிலேயே இதனைத் தலைமையாசிரியரிடம் கேட்டறிதல் நலம்.