நிறுத்திய பின்னும் ஓடும் என்ஜின்

குப்பனூரிலும் ஏற்காடு மலைத் தோட்டங்களிலும் பெட்ரோல்-மண்ணெண்ணெய் என்ஜினால் நீர் இறைக்கும் விவசாயிகள், சுவிட்சை அணைத்தும் என்ஜின் நிற்காவிட்டால் அலட்சியம் செய்யலாகாது. பிஸ்டன் கெடும், நின்றுவிட்டதென்று கை வைப்பவருக்குக் காயமும் ஏற்படும்.

முதலில் ஓட்டத்தைக் கவனியுங்கள். எப்போதும்போல் சீராக ஓடினால் கோளாறு சுவிட்சு ஒயரில்தான். மேக்னெட்டோ மின்சாரத்தை என்ஜின் உடலில் இறக்கிப் பொறியை நிறுத்துவது அந்த ஒயரே. அது அறுந்தாலோ, முனை துருப்பிடித்தாலோ பொறி நிற்காது.

குலுங்கி, திணறி ஓடினால் காரணம் வேறு. சிலிண்டர் ஹெட்டில் படிந்த கரி, அடுப்பை அணைத்த பின்னும் சாம்பலுக்குள் கிடக்கும் தணல்போலக் கனன்று, பொறி இல்லாமலே எரிபொருளைப் பற்றவைக்கிறது. இதற்குச் செய்ய வேண்டியவை:

1. என்ஜின் ஆறிய பின் ஹெட்டைக் கழற்றி, கரியை மரச் சிம்பினால் சுரண்டவும். கேஸ்கெட் கிழிந்திருந்தால் புதிது போடவும்.

2. குளிர்விக்கும் தகடுகளுக்கிடையே அடைந்த மண், சருகுகளை நீக்கவும்.

3. என்ஜினுக்கெனக் குறிப்பிட்ட பிளக்கையே பொருத்தவும்.

4. சும்மா ஓடும் வேகம் அதிகமானால் கார்பரேட்டர் திருகில் குறைக்கவும்.

5. நிறுத்துமுன் பெட்ரோலுக்கு மாற்றி, இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிடவும்.

அவசரமாக நிறுத்த, எரிபொருள் குழாயை அடைத்து, சோக்கை முழுவதும் மூடவும். சக்கரம் அடியோடு நின்ற பிறகே பம்பில் கை வைக்கவும்.