கார் ஆடியோ தொழிலுக்கு வரும் தம்பிக்கு: போர்ஷேவுக்கு ஸ்பீக்கர் தேர்வு

போர்ஷே 911, பாக்ஸ்டர் போன்ற வண்டிக்கு ஸ்பீக்கர் மாற்ற முதலில் படிக்க வேண்டியது புது ஸ்பீக்கரின் பெட்டியை அல்ல, கதவுக்குள் ஏற்கெனவே இருப்பதை. கோவை கார்ப் பித்து உள்ள ஊர். செட்டிபாளையத்தில் பந்தய வீரர் கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் 2003 முதல் இருக்கிறது; ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் கோவைக்காரர். இங்கே இப்படியொரு வண்டி வைத்திருப்பவர் கம்பெனி வயரை வெட்டுவதையும் கதவுத் தகட்டைக் குடைவதையும் பொறுக்க மாட்டார். விற்கும்போது மதிப்பும் இறங்கும்.

கழற்றிய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்து ஓம் பார்க்க வேண்டும். நான்கு ஓம் ஸ்பீக்கர் பொதுவாக 3.2 முதல் 3.7 வரை காட்டும். அதில் பாதி காட்டினால் அது இரண்டு ஓம். போஸ் செட் உள்ள வண்டிகளில் இப்படிக் குறைந்த ஓம் வருவது வழக்கம். அந்த இடத்தில் நான்கு ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் ஆம்ப் தரும் வோல்டேஜ் மாறாது, பவர் பாதியாகும், ஒலி 3 டெசிபல் இறங்கும். "இவ்வளவு செலவு பண்ணியும் பழசே தேவலைங்க" என்ற குறை பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அந்த ஆம்ப்பின் ஈக்வலைசரும் அந்தக் கேபினுக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் என்றே அமைத்தது. ஆகவே ஓமும் சென்சிட்டிவிட்டியும் பொருந்துகிற ஸ்பீக்கரைப் போட வேண்டும். இல்லையேல் ஆம்ப்பையும் மாற்றி, டிஎஸ்பி வைத்து, முதலிலிருந்து ட்யூன் செய்ய வேண்டும். நடுவழியில் நிற்கிற வேலை கடைக்குத் திரும்பி வரும். 911-இன் 997 தலைமுறையில் ஹெட் யூனிட்டிலிருந்து போஸ் ஆம்ப்புக்கு ஒளியிழை வழியாகச் சிக்னல் போகிறது. வளையமாக ஓடும் அந்த இணைப்பில் ஒரு கருவியைச் சும்மா எடுத்துவிட்டால் ஆடியோ முழுதும் ஊமையாகிவிடும்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 'மேக்ஸ் வாட்' எண்ணைத் தள்ளிவிடலாம். ஆர்எம்எஸ் வாட்டும் சென்சிட்டிவிட்டியும்தான் கணக்கு. 3 டெசிபல் கூடுதல் சென்சிட்டிவிட்டி, ஆம்ப்பின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்.

கதவைத் திறப்பதில் அவசரம் கூடாது. இந்த வண்டிகளில் தலையைக் காக்கும் ஏர்பேக் கதவிலேயே இருக்கிறது. பேட்டரி இணைப்பை எடுத்து, சற்று நேரம் விட்டு, பிறகே பேனலில் கை வைக்க வேண்டும். கனெக்டர் கழன்றிருக்கும்போது இக்னிஷன் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நிற்கும். பேனலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் படலம் கிழியாமல் வர வேண்டும். திரும்ப இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும். மழைநீர் கண்ணாடி வழியே கதவுக்குள் இறங்கி அடித்துளைகளில் வடிவது இயல்பு. படலம் சரியாக ஒட்டாவிட்டால் அந்த நீர் கார்ப்பெட்டுக்கு வரும். பழைய பாக்ஸ்டரில் இம்மொபிலைசர் யூனிட் இருக்கைக்கு அடியில் தரையோடு இருக்கிறது. அது நனைந்தால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. ஸ்பீக்கர் வேலைக்கு வந்த வண்டி டோ வண்டியில் போகும்படி ஆகிவிடக் கூடாது.

கதவுக்குள் நீர் இறங்கும் இதே காரணத்தால் கதவுக்கு பாலிப்ரொப்பிலின் கோனும் ரப்பர் விளிம்பும் உள்ள ஸ்பீக்கரே நல்லது. ஃபோம் விளிம்பு வெயிலிலும் ஈரத்திலும் பொடிந்துபோகும். ஆழம் முக்கியம்: கண்ணாடியை முழுக்க இறக்கி, காந்தத்துக்கும் அதற்கும் இடையே எவ்வளவு இடம் என்று அளந்த பிறகே மாடலை முடிவு செய்ய வேண்டும். அளவு பொருந்தாவிட்டால் இடையில் வளையம் போட்டு ஏற்றலாம். எம்டிஎஃப் வளையம் ஈரத்தில் உப்பிவிடும். லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊரில் அலுமினியத்திலோ நைலானிலோ கடைந்து வாங்குவது எளிது; கம்பெனி ஸ்குரூத் துளைகளிலேயே அது உட்கார வேண்டும்.

பேஸ் விஷயத்தில் செடான் பழக்கம் 911-இல் செல்லாது. டிக்கி முன்னால் இருக்கிறது. கேபினுக்கும் அதற்கும் நடுவே தடுப்புச் சுவர். அங்கே சப்வூஃபர் வைத்தால் பேஸ் உள்ளே வந்து சேராது. பின்சீட்டில் வைக்கும் சிறிய மூடிய பெட்டி போதும்.

ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் மாறினால் குரல் நடுவில் நிற்காமல் கலைந்து கேட்கும். கதவு ஸ்பீக்கருக்கு 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும்: பிளஸ் சரியென்றால் கோன் வெளியே தள்ளும்.

கடைசிச் சோதனையை நின்ற வண்டியில் முடித்துவிடக் கூடாது. பின்னால் எஞ்சின், கீழே அகலமான டயர். ஓடும்போது இந்த இரைச்சல் தாழ்ந்த சுரங்களைத்தான் முதலில் விழுங்கும். அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போய், தவில் ஒலிக்கும் பதிவு ஒன்றைக் கேட்க வேண்டும். வலப்பக்க வலந்தலையின் வெடிப்பும் இடப்பக்கத் தொப்பியின் கனமும் தனித்தனியாகக் கேட்டால் மிட், பேஸ் இரண்டும் சரி. தொப்பி மங்கினால் முதலில் கதவுத் தகட்டின் அதிர்வை அடக்கப் பியூட்டைல் ஷீட் ஒட்டிய இடங்களைப் பார்க்க வேண்டும்; அதன் பிறகே ஈக்வலைசரில் கை வைக்க வேண்டும்.

வண்டியைக் கொடுக்கும்போது பழைய ஸ்பீக்கர்களை இடது, வலது எனக் குறித்து, அளந்த ஓமையும் எழுதி, உரிமையாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.