ஆற்று மணலும் அனுமதிப்பத்திரமும்

(கிராமக் குழுக்களுக்கான பாடம்)

ஊழல் என்றதும் அது தலைநகரில் பெரிய மனிதர்கள் செய்யும் காரியம் என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். அதில் உண்மை உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கை தனது வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அறிவித்தது. 2023 நவம்பரில், அந்த நெருக்கடிக்கு வழிவகுத்த தீர்மானங்களால் முன்னாள் ஜனாதிபதிகள் உட்படப் பலர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தலைநகரில் வளரும் நோய்க்குக் கிராமத்திலும் வேர் உண்டு. அந்த வேரை, நாம் தினமும் காணும் ஒரு பொருளைக் கொண்டு படிப்போம். அப்பொருள் ஆற்று மணல்.

1. முறைசாராத் தொழில் குற்றமாகுமா?

வெல்லாவெளியை நிர்வாக மையமாகக் கொண்ட போரதீவுப்பற்று, வாவியின் மேற்கே படுவான்கரையில் உள்ள வயற் பிரதேசம். இங்கே வயலிற் கூலி வேலை செய்பவர், வாவியில் வலை வீசுபவர், வீட்டில் இடியப்பம் அவித்து விற்பவர், உழவு இயந்திரத்துக்கு மணல் ஏற்றுபவர் ஆகியோருக்கு நியமனக் கடிதமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. இதனையே முறைசாராத் தொழில் என்கிறோம். நமது நாட்டில் உழைப்போரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் இவ்வாறே வாழ்கின்றனர். இது குற்றமன்று, பிழைப்பு.

ஊழல் என்பது வேறு. பொதுமக்களுக்காக ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைச் சொந்த இலாபத்துக்குப் பயன்படுத்துவதே ஊழல். எனினும் இவ்விரண்டும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. கையிற் பத்திரம் இல்லாதவனிடம் யாரும் பணம் கேட்கலாம். அவன் முறையிடவும் அஞ்சுவான்.

2. மணலில் நடப்பது என்ன?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மணல் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதி தேவை. எந்த இடத்தில், எவ்வளவு, எக்காலம் வரை என்பன அந்தப் பத்திரத்தில் குறிக்கப்படும். மணலைக் கொண்டு செல்வதற்கு வேறு அனுமதி வேண்டும்.

முறைகேடு பெரும்பாலும் பத்திரம் இல்லாமல் நடப்பதன்று. பத்திரத்தை வைத்துக்கொண்டே நடப்பது. உதாரணமாக, பத்து கியூப் மணலுக்குப் பெற்ற அனுமதியைக் காட்டி நாற்பது கியூப் ஏற்றலாம். ஓரிடத்துக்குப் பெற்றதைக் கொண்டு இன்னோரிடத்தில் தோண்டலாம். பகலுக்குரியதை இரவில் ஓட்டலாம். இவற்றைக் காணாதிருக்க ஒரு விலை கொடுக்கப்படும். பிடிபடுகின்றபோதோ பெரும்பாலும் அகப்படுபவர் கூலிக்கு ஏற்றியவரும் சாரதியுமே. இலாபம் பெற்றவர் வெளியில் நிற்கிறார்.

நட்டம் யாருக்கு? ஆற்றின் அடித்தளம் தாழ்ந்தால் கரை இடிகிறது. கரையோர வயல் ஆற்றோடு போகிறது. கிணற்று நீர் கீழிறங்குகிறது. வாவிக்கும் கடலுக்கும் அண்மையில் உவர்நீர் ஆற்றுக்குள் ஏறுகிறது. பாலத்தின் அத்திவாரமும் பலவீனப்படுகிறது.

3. விதியை நீக்கினால் ஊழல் நீங்குமா?

2019 டிசெம்பரில், மணல் கொண்டு செல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை அரசாங்கம் நீக்கியது. பத்திரம் இருப்பதனாற்றானே இலஞ்சம் கேட்கிறார்கள் என்ற வாதம் கேட்பதற்கு நியாயமானது. ஆனால் மணல் எங்கிருந்து வருகிறதென வீதியில் எவரும் கேட்க இயலாத நிலை வந்ததும் களவு அகழ்வு பெருகியதாகப் பல மாவட்டங்களில் முறைப்பாடுகள் எழுந்தன. 2020இல் உயர் நீதிமன்றம் அத்தீர்மானத்தை இடைக்கால உத்தரவினால் நிறுத்தியது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? விதி இருப்பது மட்டும் போதாது. விதியை அகற்றுவதும் மருந்தாகாது. பத்திரத்தில் எழுதியிருப்பது அலுவலகக் கோவைக்குள் மறைந்திருப்பதே நோய். அதை ஊரார் அறிந்திருந்தால், பத்து கியூப் எது, நாற்பது கியூப் எது என்று கரையில் நிற்கும் எவரும் சொல்லிவிடுவர்.

4. ஊரார் எவ்வாறு அறியலாம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி:

• ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் கூறினால் அவர் அதனை எழுதிக்கொள்ள வேண்டும்.

• தகவல் எதற்கு என்று காரணம் கூறத் தேவையில்லை.

• விண்ணப்பம் கிடைத்ததற்குப் பற்றுச்சீட்டுக் கேட்டுப் பெறுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா இல்லையா என்ற தீர்மானத்தை அறிவிக்க வேண்டும்.

• மறுத்தால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு உண்டு.

முக்கியமான ஒன்று: அங்கத்தவரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாயின், ஒரு சங்கமும் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். தனி மனிதர் கேட்டால் அவர்மீது கோபம் திரும்பும். கமக்காரர் அமைப்போ மாதர் சங்கமோ கூட்டத்தில் தீர்மானம் எடுத்துக் கேட்டால், பகைக்க ஓர் ஆள் இராது.

இலஞ்சம் கேட்கப்பட்டால், 1954 என்ற தொலைபேசி இலக்கத்தில் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவிடம் முறையிடலாம்.

குழுவாகச் சிந்திக்க:

1. நமது ஊரில் பத்திரம் இல்லாத காரணத்தால் பணம் கொடுக்க நேர்ந்த தொழில்கள் எவை? அத்தொழிலாளர் இலகுவாகப் பத்திரம் பெறத் தடையாக இருப்பது எது?

2. நமக்கு அண்மையிலுள்ள ஆற்றில் மணல் அகழ யாருக்கு, எவ்விடத்தில், எவ்வளவுக்கு அனுமதி உண்டு? அறியாவிடின், இந்தக் கூட்டத்திலேயே விண்ணப்பத்தை எழுதுங்கள்.

3. நமது சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை எந்த அங்கத்தவரும் கேட்டுப் பார்க்க முடிகிறதா? பிறரிடம் கேட்கும் உரிமை அங்கிருந்தே தொடங்குகிறது.