கீழாநெல்லியும் பிறந்த நாள் ஊசியும்



வரப்பில் களை பறிக்கும்போது கையோடு வரும் கீழாநெல்லியை உங்களுக்குத் தெரியும். காமாலை என்றால் அதை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். இந்தச் செடியைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், நுண்ணுயிரியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். ஹெபடைடிஸ் பி என்ற காமாலைக் கிருமியைக் கண்டறிந்து 1976-ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க விஞ்ஞானி புளூம்பெர்க்கும் அதில் பங்கு கொண்டார். கிருமியை உடம்பில் வைத்திருந்தவர்களில் 37 பேருக்குச் செடியின் பொடியை ஒரு மாதம் கொடுத்தார்கள். 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. 1988-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இது வெளிவந்தது.

நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1990-ல் தாய்லாந்திலும், 1994-ல் நியூசிலாந்திலும் இதே சோதனையைச் செய்து பார்த்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லி இந்தக் கிருமியை விரட்டும் என்று இன்று நாங்கள் சொல்ல முடியாது.

“சார், என் மச்சானுக்கு அதைக் குடிச்சுத்தானே நல்லாச்சு?” என்று கேட்பீர்கள். கெட்ட தண்ணீரால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஹெபடைடிஸ் பி வேறு. அது தண்ணீரில் வராது. இரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளை என்று மூன்று வழியில் வரும். பெரியவர்களைத் தொற்றினால் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பே அதை வென்றுவிடும். அப்போது என்ன குடித்திருந்தாலும் அதற்குத்தான் பேர் போகும்!

பச்சைக் குழந்தைக்கு நேர் எதிர். அதன் உடம்புக்கு இன்னும் வேற்றாள் யார், வீட்டாள் யார் என்று தெரியாது. கிருமியை வீட்டாளாகவே சேர்த்துக்கொள்ளும். அப்படித் தொற்றிய நூறு குழந்தைகளில் ஏறத்தாழ தொண்ணூறு பேருக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். முப்பது, நாற்பது வயது வரை ஒரு தொந்தரவும் இராது. பிறகு ஈரல் சுருங்கும். சிலருக்குப் புற்றுநோயும் வரும்.

கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு. கணவர் வளைகுடா நாட்டு வேலைக்காக மருத்துவச் சோதனைக்குப் போனார். இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “எனக்குக் காமாலையே வந்ததில்லையே சார்!” என்றார். மனைவி ஏழு மாதக் கர்ப்பிணி. “அவங்க குடிச்ச டம்ளரைக்கூட எங்க மாமியார் தனியா வச்சுட்டாங்க சார்” என்று அழுதார். பிறகு அவருக்கும் சோதனை செய்தால், அவருக்கும் இருந்தது. உடனே, யார் யாருக்குக் கொடுத்தது என்று வீட்டில் சண்டை.

அந்தக் கேள்விக்கு எந்த லேப்பும் பதில் சொல்லாது. இருவருக்குமே பிறந்தபோதே வந்திருக்கலாம். டம்ளர், தட்டு, ஒரே பாயில் படுப்பது, பிள்ளையைக் கொஞ்சுவது, இவற்றால் இது பரவவே பரவாது. சவரக்கத்தி, பிளேடு, பல் பிரஷ் மட்டும் அவரவருக்குத் தனி. மொட்டை, காது குத்து, சுன்னத் எதுவானாலும் புது பிளேடு, கொதிக்க வைத்த கருவி என்று கேட்டு வாங்குங்கள். தம்பதியில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்தால், மற்றவர் மூன்று தவணை தடுப்பூசி போட்டு முடிக்கும்வரை நிரோத் உபயோகிக்க வேண்டும்.

அந்த அம்மாவுக்கு நாங்கள் சொன்னது ஒன்றுதான்: பிரசவம் ஆஸ்பத்திரியில். பிள்ளை பிறந்து 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் 12 மணி நேரத்துக்குள், ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யூனோகுளோபுலின் ஊசி. முதலாவது, கிருமியின் மேல்தோலை மட்டும் உடம்புக்குக் காட்டி, “இவன் வேற்றாள்” என்று பழக்கும். இரண்டாவது, பழகும்வரை காவலுக்கு வரும் கூலியாள் மாதிரி. தாய்க்குக் கிருமி அதிகமிருந்தால் கடைசி மாதங்களில் மாத்திரையும் உண்டு. தேசியத் திட்டத்தில் இவை இலவசம்.

மாமியார்தான் தயங்கினார். “பொறந்த அன்னைக்கே ரெண்டு ஊசியா? பச்சப் புள்ள தாங்குமா?” தாங்கும். நாற்பது நாள் கழியட்டும் என்று காத்திருந்தால் கிருமி காத்திருக்காது. தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

தாய்க்குக் கிருமி இல்லாவிட்டாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பிறந்த அன்று இந்தத் தடுப்பூசி உண்டு. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவார்கள்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு வயது ஆனதும் இரத்தம் எடுத்துப் பார்த்தோம். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது என்று வந்தது. தாயும் தகப்பனும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஈரல் சோதனைக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் முதல் பரிசோதனையிலேயே இந்த இரத்தச் சோதனையையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.